பொம்மைகள் குடிக்காத நீலத் தண்ணீர்

சனிக்கிழமை காலை எட்டு மணி. வீட்டுத் தலைவர் கையில் எஃகு அளவுகோலுடன் வாஷ்பேசின் பக்கத்தில் முழங்காலிட்டு உட்கார்ந்திருந்தார். எதிரே இடுப்புக்கும் எட்டாத ஒரு மர அலமாரி. அதன்மேல் வரிசையாக ஐந்து கண்ணாடிக் குடுவைகள். ஐந்திலும் திரவம் அடியிலிருந்து சரியாகப் பதினெட்டு சென்டிமீட்டர் நிற்க வேண்டும். நடுக்குடுவையில் திரவம் ஒரு மயிரிழை ஏறியிருந்தது. சொட்டு மருந்துக் குழாயை விட்டு இரண்டு சொட்டு உறிஞ்சினார். ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார்.

“அப்பாடா, இப்பத்தான் மூச்சு வருது,” என்றார்.

“எங்களுக்கும் கொஞ்சம் மூச்சு விட இடம் கொடுங்க. பல் தேய்க்கணும்,” என்றாள் பின்னால் பிரஷ்ஷோடு நின்ற மனைவி. தபால் நிலையத்தில் கவுன்டர் வேலை பார்ப்பவள். மற்றவர்களை வரிசையில் நிறுத்தியே பழகியவளுக்குத் தானே வரிசையில் நிற்பது பிடிக்காது.

“இன்னிக்கு ஒரு நாள் சமையலறைக் குழாய்ல தேய்ச்சுக்கோ. இங்க ஒரு சொட்டுத் தெறிச்சாலும் படத்துல தெரியும்.”

படம் என்றால் சாதாரணப் படமா? வீட்டு அலங்காரப் பத்திரிகை ஒன்றில் ‘இப்படியும் ஓர் இல்லம்’ என்று நான்கு பக்கத்துக்கு இந்த வீடு வரப்போகிறது. பத்து மணிக்குப் படக்கலைஞர் வருகிறார். அதனால் ஒரு வாரமாகவே வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை, தூக்கம் பிடிக்கவில்லை. மாட்டியிருந்த திரைச்சீலைகளைக் கழற்றி இஸ்திரி போட்டு மறுபடி மாட்டினார்கள். நாலரை வயது மகளுக்கு விடிந்ததிலிருந்து இரண்டு குளியல் ஆகியிருந்தது. அவளை எல்லோரும் சிட்டு என்பார்கள். கால் தரையில் பாவாமல் கூடத்துக்கும் அறைக்கும் பறந்துகொண்டு, “நான் படத்துல வரப்போறேன், நான் படத்துல வரப்போறேன்,” என்று சொந்தமாக ஒரு பாட்டுக் கட்டிப் பாடிக்கொண்டிருந்தாள்.

பத்திரிகையை இழுத்து வரும் அளவுக்கு இந்த வீட்டில் அப்படி என்ன விசேஷம்? எங்குமே ஓர் எழுத்து கிடையாது. அதுதான் விசேஷம்.

வீட்டுத் தலைவர் வேலை பார்ப்பது லேபிள் அச்சகத்தில். எண்ணெய்ப் புட்டியா, சோப்பு உறையா, இருமல் மருந்தா, அவர் வடிவமைத்த லேபிள் ஒன்றாவது இல்லாத கடை அந்தச் சுற்றுவட்டாரத்தில் இல்லை. தம் அறிமுக அட்டையில் ‘கலை இயக்குநர்’ என்று போட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பிரிவில் அவர் ஒருவரே இருந்ததால் இயக்குவதற்குத் தம்மைத் தவிர வேறு ஆள் இல்லை. அச்சகத்தில் அவரை எல்லோரும் ‘ஆர்ட்டு’ என்று கூப்பிடுவார்கள். அதை மரியாதை என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார். நாமும் அந்த மரியாதையிலேயே அழைப்போம்.

பகலெல்லாம் லேபிளோடு மாரடித்துவிட்டு வீட்டுக்கு வந்தும் அதன் முகத்திலேயே விழிப்பதா என்று ஆர்ட்டு யோசித்தார். அன்றிலிருந்து கடைச் சாமான் எது வந்தாலும் முதலில் வாளித் தண்ணீரில் ஊறும். லேபிள் உரியும். உள்ளே இருப்பது கண்ணாடிக் குடுவைக்குக் குடிபோகும். “எழுத்துங்கறது கண்ணுக்கு இரைச்சல்,” என்பது அவர் தத்துவம். அந்தத் தத்துவத்தின் பயனாகப் போன மாதம் அவர் மனைவி தரை துடைக்கும் திரவத்தில் தலைக்குக் குளித்தாள். “முடி பளபளன்னுதான இருக்கு,” என்று ஆர்ட்டு சமாதானம் சொன்னார். அந்த வாரம் முழுக்க அவருக்குக் காப்பி ஆறித்தான் வந்தது.

ஒன்பது மணிக்கு மச்சினன் வந்து சேர்ந்தான். மனைவியின் தம்பி. லிஃப்ட் மெக்கானிக். சோபாவை ஒரு ஜாண் நகர்த்த ஆள் வேண்டும் என்று ஆர்ட்டு கூப்பிட்டிருந்தார்.

“மாமா, வாஷ்பேசின் பக்கத்துக் குடுவையில ரெண்டு ஓரத்துலயும் ஒரே நீலமா இருக்கே. எது என்ன?”

“ஒண்ணு வாய்க்கு, ஒண்ணு தரைக்கு. ரெண்டு பக்கமும் ஒரே நிறம் வந்தாத்தான் சமநிலை. உனக்குப் புரியாது.”

“புரியுது மாமா. லிஃப்ட்டுக்குள்ள ‘ஆறு பேர்’னு ஒரு தகடு இருக்கும். ஒருத்தர் அது அசிங்கமா இருக்குன்னு கழட்டிட்டார். பத்து பேர் ஏறிட்டாங்க. நடுவுல நின்னுடுச்சு.”

“நீ பாக்குறது இரும்பு. நான் பாக்குறது அழகு.”

“அழகு நடுவுல நின்னா கதவ உடைக்க என்னத்தான கூப்பிடுவீங்க,” என்று சொல்லிவிட்டு மச்சினன் சோபாவைத் தூக்கினான்.

இங்கே வாய்க்கான நீலத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அது மவுத்வாஷ். மூன்று மாதத்துக்கு முன் அதற்கு லேபிள் போட்டவரே ஆர்ட்டுதான். பனிமலை, மலையிலிருந்து அருவி, அருவியில் ஒரு புதினா இலை. பதினான்கு வகை நீலம் பிடித்தது. அவ்வளவு பெரிய அருவி விழுவதற்கு இடம் வேண்டாமா? எச்சரிக்கை வாசகத்தை இலைக்காம்புக்குக் கீழே, சட்டம் சொன்ன அளவுக்கு ஒரு மயிரிழை மேலே நிறுத்திச் சுருக்கிவிட்டார். பிழை திருத்தும் அம்மா மூன்று முறை அதைத் திருப்பி அனுப்பினார். ஒவ்வொரு காற்புள்ளியிலும் நின்று நிதானித்துப் படிப்பதால் அவருக்குக் ‘கமாக்கா’ என்று பெயர். “எறும்பே கண்ணாடி போட்டுத்தான் இத படிக்கணும்,” என்று சிவப்பு மையில் எழுதியிருந்தார். நான்காவது முறை ஆர்ட்டு, ‘அழகு கருதி இப்படியே அச்சிடவும்’ என்று கையெழுத்துப் போட்டுத் தள்ளினார். கம்பெனிக்காரர்கள் அருவியில் மயங்கி, இரண்டு லிட்டர் கேன் ஒன்றைப் பாராட்டாகக் கொடுத்தார்கள். அதன் மூடியை அழுத்தித் திருகினால்தான் திறக்கும். சின்னக் கைகளுக்குத் திறக்கக் கூடாது என்பதற்காகவே செய்த மூடி. ஆர்ட்டுக்கு அது கௌரவக் குறைச்சலாகப் பட்டது. லேபிளை உரித்தார். குடுவையில் ஊற்றினார். சுண்டு விரலால் தூக்கிவிடக்கூடிய ஒரு கண்ணாடிக் குமிழை மேலே வைத்தார். பக்கத்தில் விரல் நீளத்துக்கு ஐந்து குட்டிக் கண்ணாடிக் கிண்ணங்கள். காலிக் கேன் பழைய சாமான் வண்டியில் போயிற்று.

அதோடு விட்டாரா? பத்திரிகைக்காக மகளுக்கு இரண்டு வாரம் பயிற்சி வேறு. “இது மேஜிக் தண்ணி. வாயில ஊத்து, கன்னத்த உப்பு, கொப்பளி, துப்பு,” என்று அணிவகுப்புப் போலச் சொல்லிக் கொடுத்தார்.

“நாலரை வயசுப் பிள்ளைக்கு இது எதுக்குங்க? பல் தேய்ச்சாப் போதாதா?” என்று மனைவி கேட்டாள்.

“நாகரிகத்த நாக்குல இருந்து ஆரம்பிக்கணும்,” என்றார் ஆர்ட்டு.

கன்னம் எவ்வளவு உப்புகிறது என்பதை மட்டுமே அவர் பார்த்தார். பேசினுக்குள் குனிந்த பிறகு என்ன நடந்தது என்று பார்க்கவில்லை. ‘த்தூ’ என்று சத்தம் கேட்டது, அவருக்கு அது போதுமாக இருந்தது.

பத்து மணிக்குப் படக்கலைஞர் வந்தார். தோளில் இரண்டு பை, கையில் விளக்குக் கம்பங்கள். அதிகம் பேசாத பெண். வாஷ்பேசின் பக்கம் போனதும் நின்றார்.

“இதுல எல்லாம் என்ன இருக்கு சார்?”

“வெறும் திரவம்னு நினைக்காதீங்க மேடம். இது ஒரு வாழ்க்கை முறை.”

படக்கலைஞர் தலையாட்டிவிட்டு விளக்கைப் பொருத்தினார். சிட்டு குட்டிக் கிண்ணத்தைத் தூக்கி நீலத் தண்ணீரை வாயில் ஊற்றினாள். கன்னம் இரண்டும் பந்து போல உப்பின. கண்கள் மின்னின. கேமரா பத்து முறை கண்ணடித்தது. “அருமை, அருமை,” என்று ஆர்ட்டு தாமே கைதட்டினார். குழந்தை பேசினில் குனிந்தாள். ‘த்தூ’ என்று சத்தம் கேட்டது.

பிறகு பெரியவர்கள் கூடத்துக்குப் போனார்கள். ஆர்ட்டு பேட்டி கொடுக்க ஆரம்பித்தார். திரைச்சீலையின் மௌனம், சோபாவின் தனிமை, எழுத்தின் இரைச்சல் என்று அரை மணி நேரம் பேசினார். பக்கத்து அறையில் மகள் என்ன செய்கிறாள் என்று பார்க்க அவருக்குத் தோன்றவில்லை. மனைவிக்குத் தோன்றியது. எழுந்தாள். “உக்காரு, குடும்பமா இருக்கணும்,” என்று கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

விட்டுவந்த லென்ஸ் மூடியை எடுக்கப் படக்கலைஞர் வாஷ்பேசின் பக்கம் திரும்பிப் போனார். தரையில் ஐந்து பொம்மைகள் வட்டமாக உட்கார்ந்திருந்தன. ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு குட்டிக் கிண்ணம். ஐந்தும் காலி. நடுவில் சிட்டு, முகமெல்லாம் சிவந்து, எதற்கென்று இல்லாமல் சிரித்துக்கொண்டிருந்தாள்.

“பாப்பா, என்ன பண்றீங்க?”

“பார்ட்டி. இவங்களுக்கு மேஜிக் தண்ணி குடுத்தேன். யாருமே குடிக்கல. வீணாப் போகுமில்ல? அதான் நானே குடிச்சிட்டேன்.”

எழுந்திருக்கப் பார்த்தாள். கால் பின்னியது. அப்படியே உட்கார்ந்து, அதற்கும் சிரித்தாள்.

படக்கலைஞர் போட்ட குரலில் மூன்று பேரும் ஓடி வந்தார்கள். ஆர்ட்டு குழந்தையைத் தூக்கி, வாந்தி எடுக்க வைப்பதற்காக விரலை வாய்க்குள் விடப் போனார்.

“கைய எடுங்க,” என்றாள் மனைவி. அவள் அதற்குள் அவசர உதவி எண்ணுக்குப் போன் போட்டிருந்தாள். எதிர்முனைக் குரல் நிதானமாக இருந்தது.

“வாந்தி எடுக்க வைக்காதீங்கம்மா, புரை ஏறிடும். குழந்தை மயக்கமா இருந்தா குடிக்க எதையும் கொடுக்காதீங்க. ஒருக்களிச்சுப் படுக்க வச்சு உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க. குடிச்ச பாட்டில கையோட எடுத்துட்டுப் போங்க. பாட்டில் மேல என்ன எழுதியிருக்கு?”

மனைவி குடுவையைப் பார்த்தாள். பிறகு கணவனைப் பார்த்தாள்.

“ஒண்ணும் எழுதலைங்க,” என்றாள்.

“என்ன மருந்து, என்ன திரவம்னு?”

“ரெண்டு நீலம் இருக்கு. ஒண்ணு மவுத்வாஷ், ஒண்ணு தரை துடைக்கிறது.”

“எத குடிச்சுது?”

ஆர்ட்டு இடப்பக்கத்தைக் காட்டினார். “இதுதான். வாய்க்கு இடது, தரைக்கு வலது.”

“நேத்து தூசி துடைக்கிறப்ப எல்லாத்தையும் எடுத்துட்டு வச்சேன்,” என்றாள் மனைவி. “எது எந்தப் பக்கம் போச்சுன்னு எனக்குத் தெரியாது. ரெண்டும் நீலம்.”

அந்த நிமிடத்தில் அந்த வீட்டின் சமநிலை போய்விட்டது.

மச்சினன் யாரையும் கேட்கவில்லை. கீழே கிடந்த எஃகு அளவுகோலை எடுத்து இரண்டு குடுவையிலும் வைத்துப் பார்த்தான். வலது பக்கம் அசையாமல் பதினெட்டு. இடது பக்கம் பதினாறரை. இரண்டையும் திறந்து முகர்ந்தான். பதினெட்டில் எலுமிச்சை வாசனை. பதினாறரையில் புதினா. குனிந்து குழந்தையின் வாயை முகர்ந்தான்.

“புதினா. மவுத்வாஷ்தான் அக்கா. வா, வண்டிய எடுக்கிறேன்.”

வாழ்நாளில் முதல் முறையாக ஆர்ட்டின் அளவுகோல் ஒரு காரியத்துக்கு உதவியது. அதுவும் மச்சினன் கையில்.

லிஃப்ட் கம்பிச் சுருள்களுக்கும் ஸ்பேனர்களுக்கும் நடுவே நான்கு பெரியவர்களும் ஒரு குழந்தையும் வேனில் நெருக்கியடித்துக்கொண்டு பறந்தார்கள். தம்மை யாரும் கூப்பிடாமலே படக்கலைஞரும் ஏறிக்கொண்டார்; முழங்கால்களுக்கு நடுவே குடுவையை இறுக்கிப் பிடித்திருந்தார். சிட்டுவுக்குச் சிரிப்பு போய் இமைகள் கனக்கத் தொடங்கின.

“கண்ணு, தூங்காதடா. பார்ட்டிக்கு யார் யார் வந்தாங்க, அம்மாவுக்குச் சொல்லு.”

“ராணி… கரடி… போலீஸ்…”

“அப்புறம்?”

“மூக்கு உடைஞ்சது…”

“அஞ்சாவது யாரு? சிட்டு, அஞ்சாவது யாருடா?”

பதில் வரவில்லை. மச்சினன் ஹாரனில் வைத்த கையை எடுக்கவே இல்லை.

அவசரப் பிரிவு டாக்டருக்கு வயது முப்பது இருக்கலாம். கொண்டையில் பேனாவைச் செருகியிருந்தார். குழந்தையை வாங்கிக் கட்டிலில் போட்டபடியே கேள்விகளைப் போட்டார். நர்ஸ் விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்தார்.

“சர்க்கரை அறுபதுக்குக் கீழ இருக்கு டாக்டர்.”

“டிரிப் போடுங்க. சார், எவ்வளவு குடிச்சிருப்பா?”

“அஞ்சு கிண்ணம். ஒண்ணுக்குப் பத்து மில்லி,” என்றார் ஆர்ட்டு. கிண்ணத்தின் அளவு அவருக்கு அத்துப்படி.

ஊசி குத்தியதில் சிட்டு கண் விழித்தாள். “ஆறு,” என்றாள் தீனமாக. “படத்துக்கு ஒண்ணு.”

“அத நீ துப்பினியே கண்ணு,” என்றார் ஆர்ட்டு.

“துப்பவே இல்ல. சும்மா த்தூன்னு சொல்வேன். மேஜிக் தண்ணிய யாராவது துப்புவாங்களா?”

இரண்டு வாரப் பயிற்சியின் முழுக் கணக்கும் அந்த ஒரு வரியில் வந்துவிட்டது. ஆர்ட்டு கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

“சரி, எந்த மவுத்வாஷ்?” என்றார் டாக்டர். “ஆல்கஹால் உள்ளதும் கடையில இருக்கு, இல்லாததும் இருக்கு. இவ தள்ளாடுறதப் பாத்தா உள்ளதுன்னுதான் தோணுது. எத்தன சதவீதம், வேற என்ன கலந்திருக்குன்னு தெரிஞ்சா எத எத பாக்கணும்னு எனக்குத் தெரியும். தெரியாத வரைக்கும் இருக்கிறதுலயே மோசமானதுன்னு வச்சுக்கிட்டுத்தான் வேலை பாப்பேன். கேன் எங்க?”

“பழைய சாமான்காரன்கிட்ட போட்டாச்சு.”

“லேபிள்?”

“ஊற வச்சு உரிச்சிட்டேன்.”

“ஏன்?”

இந்த ஒற்றைச் சொல் கேள்விக்குப் பதிலாகத் தம்மிடம் இருந்த திரைச்சீலை, சமநிலை, வாழ்க்கை முறை எல்லாவற்றையும் ஆர்ட்டு புரட்டிப் பார்த்தார். ஒன்றையும் அந்தக் கட்டிலுக்கு முன்னால் எடுத்து வைக்க முடியவில்லை.

“அந்த லேபிள போட்டதே நான்தான் டாக்டர்,” என்றார்.

“நல்லதாப் போச்சு. அப்ப என்ன எழுதியிருந்ததுன்னு சொல்லுங்க.”

ஆர்ட்டு கண்ணை மூடினார். பனிமலை வந்தது. அருவி வந்தது. பதினான்கு நீலமும் ஒன்று விடாமல் வந்தன. புதினா இலையின் நரம்புகள்கூட எண்ணுகிற மாதிரி வந்தன. அதற்குக் கீழே இருந்த எழுத்தில் ஓர் எழுத்துகூட வரவில்லை. அதை அவர் படித்ததே இல்லை. சின்னதாக்கத்தான் தெரிந்திருந்தது.

“கமாக்கா,” என்று திடீரென்று முனகினார். போனை எடுத்தார். இரண்டு முறை தப்பான எண்ணை அழுத்தி, மூன்றாவது முறை பிடித்தார்.

சனிக்கிழமை அச்சகத்துக்கு அரை நாள். கமாக்கா நாற்காலியில்தான் இருந்தார்.

“என்ன ஆர்ட்டு, பேட்டி முடிஞ்சுதா?”

“அக்கா, அந்த மவுத்வாஷ் லேபிள். அருவி. அதுல என்ன எழுதியிருந்துச்சு? எம் பொண்ணு குடிச்சிட்டா. ஆஸ்பத்திரில இருக்கோம்.”

அந்தப் பக்கம் நாற்காலி நகர்ந்த சத்தம், இழுப்பறை திறந்த சத்தம், தாள்கள் புரளும் சத்தம். ஆர்ட்டு போனை எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தார்.

“மூணு தடவ திருப்பி அனுப்பினதாச்சே, தூக்கிப் போடுவேனா,” என்றார் கமாக்கா. “டாக்டர் பக்கத்துல இருக்காங்களா? படிக்கிறேன். எத்தனால், இருபது சதவீதம்.” ஒரு நிறுத்தம். “ஃபுளோரைடு, புதினா எண்ணெய், நிறமி. ஒவ்வொண்ணா அளவோட சொல்றேன், எழுதிக்கோங்க.”

அவர் ஒவ்வொரு காற்புள்ளியிலும் நின்றார். ஆயிரம் முறை ஆர்ட்டைப் பல்லைக் கடிக்க வைத்த அதே நிதானம். இப்போது டாக்டரின் பேனா அந்த நிதானத்தின் கையைப் பிடித்துக்கொண்டு வரிவரியாக நடந்தது.

“போதும்மா, ரொம்ப நன்றி. எனக்கு வேண்டியது கிடைச்சிடுச்சு,” என்றார் டாக்டர்.

“இன்னும் மூணு வரி இருக்கு டாக்டர். அதையும் படிச்சிடுறேன். ஆர்ட்டு கேக்கணும்.” கமாக்காவின் குரல் இறுகியது. “விழுங்கக் கூடாது. ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது. குழந்தைகளின் கைக்கு எட்டாத இடத்தில், இதே புட்டியில், மூடி வைக்கவும்.”

தம் கையால் எறும்பாக்கிய எழுத்துகள் ஆளுயரத்துக்கு எழுந்து வந்து தம்மைச் சுற்றி நிற்பதுபோல் ஆர்ட்டுக்கு இருந்தது.

ஒரு மணி நேரம் கழித்துச் சர்க்கரை ஏறியது. பிறகு கொஞ்சம் இறங்கியது. மனைவி ஒவ்வொரு எண்ணுக்கும் நர்ஸின் முகத்தைப் பார்த்தாள். மச்சினன் நடைவழியில் நின்று, வேலையில்லாமல் ஆஸ்பத்திரி லிஃப்ட்டை முறைத்துக்கொண்டிருந்தான். மூன்றாவது முறை குத்தியபோது எண் ஏறி அங்கேயே நின்றது. மாலை ஐந்து மணிக்குச் சிட்டு முழுதாகக் கண் விழித்து, “அஞ்சாவது, புதுப் பொம்மை,” என்றாள். காலையில் வேனில் கேட்ட கேள்விக்குப் பதில். அம்மா அவளைக் கட்டிக்கொண்டு அழுத அழுகையில் டிரிப் குழாய் கழன்றுவிடாமல் நர்ஸ்தான் பிடித்துக்கொண்டார்.

டாக்டர் கொண்டையிலிருந்து பேனாவை எடுத்துச் சீட்டில் எழுதிக்கொண்டே பேசினார்.

“இது மாதிரி நிறைய பாக்குறோம் சார். பெரியவங்களுக்கு ஒண்ணும் செய்யாத அளவு, பதினாறு கிலோக் குழந்தைக்குப் பெரிய விஷயம். ஆல்கஹால் உள்ள போனா இவங்களுக்குச் சர்க்கரை சடார்னு இறங்கும். தூங்குதுன்னு நினைச்சு விட்டிருந்தீங்கன்னா…” வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை. “ஆறு வயசு வரைக்கும் மவுத்வாஷே வேண்டாம். துப்புற பழக்கம் அதுக்குள்ள சரியா வராது. பட்டாணி அளவு பேஸ்ட்டுல ரெண்டு வேளை தேய்ச்சு விட்டாப் போதும். அதுக்கப்புறமும் பல் டாக்டர் சொன்னா மட்டும், ஆல்கஹால் இல்லாததா வாங்கி, நீங்க பக்கத்துல நின்னு கொடுங்க. முதல்ல வெறும் தண்ணியில கொப்பளிச்சு, முழுசாத் துப்புதான்னு பாத்துட்டுக் கொடுங்க. இன்னொண்ணு, மேஜிக் தண்ணி, மிட்டாய் மருந்துன்னு ஆசை காட்டாதீங்க. குழந்தைங்க நம்பிடுவாங்க.”

ஆர்ட்டு ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். எதிர்ப்பேச்சுப் பேசாத ஆர்ட்டை மனைவி அன்றுதான் பார்த்தாள்.

படக்கலைஞர் கிளம்பும் முன் கேமராவை அவரிடம் காட்டினார். உப்பிய கன்னங்களோடு சிட்டு. பின்னால் மின்னும் ஐந்து குடுவைகள். உண்மையிலேயே அழகான படம்.

“இத நான் கொடுக்கப் போறதில்ல சார். இதப் பாத்துட்டு இன்னும் பத்து வீட்டுல இதே மாதிரி வைப்பாங்க. அந்தப் பத்துல எத்தன வீட்டுல அளவுகோல் இருக்கும்?”

“அழிச்சிடுங்க மேடம்,” என்றார் ஆர்ட்டு.

சிட்டு வீடு திரும்பிய ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டில் எழுத்து குடியேறியது. குடுவைகள் காலியாயின. வாங்கி வந்த புட்டிகள் வாங்கி வந்த கோலத்திலேயே, லேபிளும் மூடியும் கழலாமல், கழுத்துக்கு மேல் உயரத்தில் இருந்த அலமாரிக்குப் போயின. மச்சினன் அதற்கு ஒரு தாழ்ப்பாள் அடித்துக் கொடுத்தான். மிச்ச சாமான்களுக்கு ஆர்ட்டு தடிப் பேனாவால் பெயர் எழுதி ஒட்டினார். உப்புக்கும் சர்க்கரைக்கும் எழுதினார். ஆசை அடங்காமல் ஃபிரிட்ஜின் மேலும் ‘ஃபிரிட்ஜ்’ என்று எழுதினார். “எழுதாட்டியும் இதுல மட்டும் நான் தலைக்குக் குளிச்சிருக்க மாட்டேன்,” என்றாள் மனைவி. அன்று காப்பி சூடாக வந்தது.

திங்கட்கிழமை பேருந்தில் அவரைப் பார்த்தவர்கள் எல்லோரும் புன்னகை செய்தார்கள். அச்சக வாசலில் காவலாளியும் புன்னகை செய்தார். மகள் பிழைத்த சேதி பரவிவிட்டது போலும் என்று ஆர்ட்டு நினைத்துக்கொண்டு எல்லோருக்கும் தலையசைத்தார். நேரே தம் கணினியின் முன் உட்கார்ந்து அருவியைத் திறந்தார். பிடித்துச் சுருக்கினார். பனிமலை குன்றாயிற்று. அருவி குழாய்த் தண்ணீராயிற்று. அந்த இடத்தில் மூன்று வரிகள், எட்டடி தள்ளி நின்றாலும் படிக்கிற மாதிரி, நெஞ்சை நிமிர்த்தி வந்து நின்றன.

பின்னால் வந்து நின்ற முதலாளி பதறினார். “என்னய்யா இது? அருவி எங்க? கம்பெனிக்காரன் என்ன சொல்வான்?”

“பழசு எல்லாத்தையும் மாத்திக் கொடுப்போம் முதலாளி. அவங்ககிட்ட நானே பேசுறேன்.” ஆர்ட்டு திரும்பாமலே சொன்னார். “அருவியப் பாத்துட்டு வாங்குவாங்க, சரி. வீட்டுக்குப் போன அப்புறம் பிள்ளையக் காப்பாத்தறது இந்த மூணு வரிதான். நான் அத படிக்காம அழகு பாத்தேன். உரிச்சுப் போட்டும் அழகு பாத்தேன். ஆறு வயசுக்குள்ள கொடுக்கக் கூடாதுன்னு அச்சுக்கு அனுப்பின கையாலயே நாலரை வயசுக்கு ஊத்திக் கொடுத்தேன். இனிமே இந்த எழுத்து சின்னதாகாது. வேணும்னா என் பேரச் சின்னதாப் போடுங்க.”

கமாக்கா சரிபார்க்கும் தாளை வாங்கி ஒவ்வொரு காற்புள்ளியிலும் நின்று படித்தார். சிவப்புப் பேனாவைத் திறக்காமலே மேசையில் வைத்தார்.

“எழுத்தச் சின்னதாக்கினா ஆபத்து சின்னதாகிடாது ஆர்ட்டு. லேபிள உரிச்சிட்டா விஷம் தண்ணியாகிடாது. இத ஒவ்வொரு வீடும் தெரிஞ்சுக்கணும். நீங்க கொஞ்சம் முன்னாடியே தெரிஞ்சிருக்கலாம். பரவால்ல, தப்பிச்சோம்.” பிறகு அவர் முதுகுப் பக்கம் எட்டிப் பார்த்தார். “இதுவும் நல்லாத்தான் இருக்கு. எழுத்து தெளிவா இருக்கு, பிழை இல்ல.”

“எது?”

கமாக்கா அவர் சட்டையின் முதுகிலிருந்து ஒரு மஞ்சள் ஸ்டிக்கரை உரித்து அவர் கையில் கொடுத்தார். பழுது பார்த்த லிஃப்ட்டில் மெக்கானிக்குகள் ஒட்டிவிட்டுப் போகிற ஸ்டிக்கர். காலையில் முதுகைத் தட்டி வழியனுப்பிய மச்சினனின் கைங்கரியம்.

‘பழுது நீக்கப்பட்டது. கவனத்துடன் பயன்படுத்தவும்.’

ஆர்ட்டு அதை இரண்டு முறை படித்தார். கசக்கி எறியவில்லை. கணினியின் நெற்றியில், தம் கண்ணுக்கு நேராக, அழுத்தி ஒட்டிக்கொண்டார்.